பர்மாவிற் படையினர் நடத்திய தேர்தல்கள்

ஒரு நாட்டின் படை ஓர் இரவுக்குள் ஆட்சியைக் கைப்பற்றிக்கொள்கிறது. பிரதமரும் மந்திரிமாரும் காவலில் வைக்கப்படுகின்றனர். வானொலி நிலையமும் விமான நிலையமும் படையினர் வசமாகின்றன. அன்று தொடக்கம் அவர்கள் வாயிலிருந்து வருவதே சட்டம். வரி விதிக்கலாம், விசாரணையின்றிச் சிறையிடலாம், பத்திரிகைகளை நிறுத்தலாம், எவரிடமும் கணக்கொப்புவிக்க வேண்டியதில்லை. இத்துணை வலிமை கைவந்த பின்னரும், சில ஆண்டுகள் கழிந்ததும், அதே படைத்தலைவர்கள் மக்களைப் பார்த்து, "வாருங்கள், வாக்களியுங்கள்" என்று அழைக்கிறார்கள். வாக்குச்சாவடிகள் திறக்கப்படுகின்றன, வாக்குகள் எண்ணப்படுகின்றன, முடிவு அறிவிக்கப்படுகிறது. அம்முடிவோ, தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்னரே ஊரார் எல்லோரும் அறிந்த முடிவாக இருக்கிறது.

துப்பாக்கியினாற் பெற்றுவிட்ட ஒன்றை வாக்குச்சீட்டினால் மீண்டும் பெற வேண்டிய அவசியம் என்ன? மக்கள் தாமே சென்று தம் கையால் இடும் வாக்கு ஒரு பக்கமாகவே விழும்படி செய்வது எவ்வாறு? இவ்விரு கேள்விகளையும் நமது அயல்நாடாகிய பர்மாவின் வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

1989ஆம் ஆண்டு தொடக்கம் மியன்மார் என்னும் பெயரால் வழங்கும் அந்நாடு நமக்கு அந்நியமானதன்று. ஒரு காலத்தில் இலங்கையின் உலைகளிற் கொதித்தது பர்மா அரிசி. இங்குள்ள அமரபுர நிகாயம் தன் பெயரையே பர்மாவின் பழைய தலைநகரொன்றிலிருந்து பெற்றது. இரங்கூன் நகரின் வாணிகத்திலே தமிழருக்கும் பெரும் பங்கிருந்தது. எனினும், பர்மாவை இன்று நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் வேறு. படையின் கையிலுள்ள ஆட்சி மக்களின் வாக்கை எத்தனை விதமாக நாடலாமோ, ஏறக்குறைய அத்தனை விதங்களையும் ஒரு மனித ஆயுளுக்குள்ளே கண்டுவிட்ட நாடு அது. ஒவ்வொரு தேர்தலிலும் படையினர் ஒரு பாடம் கற்றனர். அடுத்த தேர்தலை அப்பாடத்தைக் கொண்டே அமைத்தனர்.

பர்மா 1948 ஜனவரி 4ஆம் திகதி சுதந்திரம் அடைந்தது. அதற்கு முந்திய யூலை மாதத்திலேயே, விடுதலை இயக்கத்தின் தலைவராகிய ஆங் சான் தம் சகாக்களுடன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஆகவே ஊ நூ என்பவர் சுதந்திர நாட்டின் முதற் பிரதமரானார். பத்து ஆண்டுகளில் ஆளுங்கட்சி இரண்டாகப் பிளந்தது; ஆட்சி தள்ளாடியது. 1958இல் ஊ நூவே படைத்தலைவர் நே வின்னை அழைத்து, தேர்தல் நடைபெறும்வரை அரசாங்கத்தை நடத்துமாறு ஒப்புவித்தார். 1960 பெப்ரவரியிலே தேர்தல் நடைபெற்றது. படையதிகாரிகளிற் பலர் விரும்பிய பிரிவு தோற்றது. ஊ நூவின் பிரிவு பெருவெற்றி பெற்றது. நே வின் சொன்ன சொற்படி ஆட்சியை ஒப்படைத்தார். உலகமும் அவரைப் பாராட்டிற்று.

ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1962 மார்ச் 2ஆம் திகதி, அதே நே வின் அதே ஊ நூவைச் சிறைப்படுத்தி ஆட்சியைக் கவர்ந்தார். 1964இல் அவருடைய பர்மா சோசலிசத் திட்டக் கட்சியைத் தவிர ஏனைய கட்சிகள் யாவும் தடைசெய்யப்பட்டன. அக்காலத்தில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாக்கப்பட, தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழர் ஆயிரமாயிரமாகக் கப்பலேறித் தமிழகம் சேர்ந்த கதையை நம்மவர் பலர் அறிவர்.

பத்தாண்டுகள் வெறும் ஆணைகளால் ஆண்ட நே வின், 1972இல் தாமும் தம் சகாக்கள் சிலரும் படைப்பதவியைத் துறந்துவிட்டதாக அறிவித்தார். ஜெனரல் நே வின் என்பவர் ஊ நே வின் ஆனார். பர்மிய மொழியில் 'ஊ' என்பது நம்முடைய 'திரு' போன்ற மரியாதைச் சொல். உடை மாறியது, ஆள் மாறவில்லை. 1973இல் ஒரு புதிய அரசியல் யாப்பு மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதனை ஆதரித்ததாக அறிவிக்கப்பட்டது. 1974இல் அந்த யாப்பின்படி பொதுத் தேர்தல் நடைபெற்றது. கட்சி ஒன்று, தொகுதிக்கு அக்கட்சி அனுமதித்த அபேட்சகர் ஒருவர். 1978, 1981, 1985 ஆகிய ஆண்டுகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. தெரிவு செய்வதற்கு எதுவும் இல்லாத தெரிவு அது. ஆயினும், கணக்குத் தவறாமல் நான்கு முறை அது நடத்தப்பட்டதென்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய தேர்தலுக்கு ஒரு குறை உண்டு. நாட்டில் என்ன நடக்கிறதென்பதை ஆள்வோர் அறிவதற்கு அது எவ்வகையிலும் உதவாது. 1985இல் எல்லா ஆசனங்களையும் வென்ற கட்சி, மூன்றே ஆண்டுகளிற் சரிந்தது. 1987 செப்டெம்பரில் அரசாங்கம் சில பண நோட்டுகளை ஈடு எதுவுமின்றிச் செல்லாதவை என்று அறிவித்தது. மக்களின் சேமிப்பு ஒரே நாளிற் காகிதமாயிற்று. 1988 ஆகஸ்ட் 8ஆம் திகதி மாணவரும் துறவியரும் தொழிலாளரும் இலட்சக்கணக்கில் வீதிக்கு வந்தனர். செப்டெம்பர் 18ஆம் திகதி படை மீண்டும் ஆட்சியை நேரடியாகக் கையேற்றது. பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொதித்தெழுந்த நாட்டை அமைதிப்படுத்துவதற்காகப் புதிய ஆட்சியாளர் ஒரு வாக்குறுதி கொடுத்தனர். பல கட்சிகளும் போட்டியிடும் பொதுத் தேர்தல் நடைபெறும் என்பதே அது.

1990 மே 27ஆம் திகதி நடைபெற்ற அத்தேர்தலைச் சற்று விரிவாக நோக்குவோம். பின்வந்தவற்றையெல்லாம் விளங்கிக்கொள்ளத் திறவுகோல் அதுவே.

தேர்தலுக்கு முந்திய நிலையைப் பார்த்தால், எதிர்க்கட்சியார் வெல்வர் என்று ஒருவரும் நம்பியிருக்க முடியாது. ஐவர் ஓரிடத்திற் கூடுவதே குற்றம் என்ற ஆணை நாட்டில் இருந்தது. ஜனநாயகத்துக்கான தேசிய லீக் என்னும் கட்சியின் தலைவர்களாகிய ஆங் சான் சூ கீ அம்மையாரும் தின் ஊவும் 1989 யூலை தொடக்கம் காவலில் இருந்தனர். ஆங் சானின் மகளாகிய அவ்வம்மையார் அபேட்சகராக நிற்பதும் தடுக்கப்பட்டது. போட்டியிட்ட கட்சிகளோ தொண்ணூறுக்கு மேற்பட்டவை. வாக்குகள் நாலாபுறமும் சிதறும், பழைய ஆளுங்கட்சியின் வாரிசாகிய தேசிய ஐக்கியக் கட்சி தலையெடுக்கும் என்று படைத்தலைவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அந்த நம்பிக்கையினாற்போலும், வாக்களிப்பு நாளிலும் எண்ணும் வேளையிலும் அவர்கள் பெரும்பாலும் கைவைக்கவில்லை.

முடிவு வந்தது. தேர்தல் நடைபெற்ற 485 ஆசனங்களில் தேசிய லீக் 392ஐ வென்றது. படையின் ஆதரவு பெற்ற தேசிய ஐக்கியக் கட்சிக்குக் கிடைத்தவை 10. தலைவர்கள் காவலில் இருந்தனர், கூட்டம் கூட இயலவில்லை, பேச இயலவில்லை. எனினும் உழவர் அணியும் மூங்கில் தொப்பியைச் சின்னமாகக் கொண்ட கட்சிக்கு மக்கள், சத்தமின்றி, திரைக்குப் பின்னே சென்று, தம் வாக்கை இட்டுவிட்டு வந்தனர்.

அடுத்து நிகழ்ந்ததே விபரீதம். தோற்றவர்கள் வெளியேறவில்லை. 1990 யூலை 27ஆம் திகதி ஓர் அறிவித்தல் வெளியாயிற்று. தெரிவு செய்யப்பட்டவர்களின் கடமை அரசாங்கம் அமைப்பதன்று, புதிய அரசியல் யாப்பை வரைவது மாத்திரமே என்று அது கூறிற்று. வென்ற பிரதிநிதிகள் பலர் சிறை சென்றனர்; சிலர் எல்லை கடந்தனர். பாராளுமன்றம் ஒருநாளேனும் கூடவில்லை.

படைத்தலைவர்கள் 1990இற் கற்ற பாடத்தை ஒரு வசனத்திற் சொல்லிவிடலாம். வாக்களிப்பு நாளிலே எதையும் நம்பி விடலாகாது. முடிவை அந்நாளுக்கு வெகு முன்னரே அமைத்துவிட வேண்டும். அந்த ஆயத்தத்திற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் 20 ஆண்டுகள்.

முதலில் யாப்பு. 1993இல் தொடங்கிய தேசிய மாநாடு இடையிடையே நின்று, 2007இலே முடிவுற்றது. வரைந்த யாப்பை மக்கள் வாக்குக்கு விடும் நாளாக 2008 மே 10 குறிக்கப்பட்டது. அந்நாளுக்கு ஒரு வாரம் முன்னர், மே 2ஆம் திகதி, நர்கிஸ் என்னும் பெரும்புயல் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தை அழித்தது. இறந்தோரும் காணாமற்போனோருமாக ஓர் இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் என்பது கணக்கு. பிணங்கள் நீரில் மிதந்த அந்நாட்களிலும் வாக்கெடுப்பு நிறுத்தப்படவில்லை. புயல் தாக்கிய 47 வட்டாரங்களில் மட்டும் இரண்டு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. அவ்வட்டாரங்களின் மக்கள் வாக்களிப்பதற்கு முன்னரே, யாப்பு நிறைவேறியதென்று அறிவிப்பும் வந்தது. வாக்காளரில் நூற்றுக்கு 98 பேர் வாக்களித்தனர், அவர்களில் நூற்றுக்கு 92 பேர் சம்மதித்தனர் என்பது அதிகாரிகள் பின்னர் வெளியிட்ட முடிவான கணக்கு. வீடும் உறவும் இழந்து கூரையின்றி நின்ற மக்களிடமிருந்தும் இத்தகைய உற்சாகம் வந்ததாக ஒரு கணக்குச் சொல்லுமானால், அக்கணக்கைப் பற்றி நாம் வேறொன்றும் கூற வேண்டியதில்லை.

அந்த யாப்பிலுள்ள எண்களை நேயர்கள் சற்றே கவனிக்க வேண்டும். பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் சேர்ந்து 664 ஆசனங்கள். அவற்றில் 166, அதாவது காற்பங்கு, சேனாதிபதி நியமிக்கும் படையினருக்கு உரியவை. மக்கள் தெரிவு செய்யக்கூடியவை 498. ஜனாதிபதியைத் தெரிவு செய்ய வேண்டிய பெரும்பான்மை 333. படையினரின் 166உடன் அவர்களைச் சார்ந்த கட்சி 167 ஆசனங்களை வென்றாற் போதும். அது மக்கள் தெரிவில் மூன்றிலொரு பங்கு மாத்திரமே. எதிர்த்து நிற்கும் கட்சியோ 333ஐயும் மக்களிடமிருந்தே பெற வேண்டும். அது மூன்றில் இரண்டு பங்கு. ஆக, ஒருவர் ஒரு கல் ஓட, மற்றவர் இரு கல் ஓட வேண்டிய பந்தயம். இதற்கு மேலும், பாதுகாப்பு, உள்நாடு, எல்லைப்புறம் ஆகிய மூன்று அமைச்சுக்களுக்கும் மந்திரிமாரைக் குறிப்பவர் சேனாதிபதி. யாப்பைத் திருத்துவதற்கு நூற்றுக்கு 75க்கு மேற்பட்ட வாக்கு வேண்டும். ஆகவே சீருடை அணிந்த ஒருவரேனும் கையுயர்த்தாமல் ஓர் எழுத்தும் மாறாது. பிறநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளை உடையவர் ஜனாதிபதியாகலாகாது என்றும் ஒரு விதி எழுதப்பட்டது. சூ கீ அம்மையாரின் இரு புதல்வரும் பிரித்தானியக் குடியினர். விதியிற் பெயர் இல்லை. ஆனால் அது யாரைக் குறித்ததென்று நாடு அறியும்.

இனித் தேர்தல். 2010 ஏப்ரலில் பிரதமர் தெயின் செயினும் மந்திரிமார் பலரும் படைப்பதவியைத் துறந்து, ஐக்கிய ஒற்றுமை அபிவிருத்திக் கட்சி என்னும் புதிய கட்சியில் அமர்ந்தனர். 1972இல் நே வின் ஆடிய அதே ஆட்டம். 1993இலிருந்து அரசாங்கம் நாடெங்கும் வளர்த்துவந்த சங்கம் ஒன்றின் கட்டடங்களும் பணமும் உறுப்பினர் பட்டியலும் அக்கட்சியின் கைக்கு மாறின. தண்டனை பெற்றவரை உறுப்பினராக வைத்திருக்கும் கட்சி பதிவு பெறாது என்று சட்டம் வந்தது. சூ கீ அம்மையாரை நீக்கினாலன்றித் தேசிய லீக் போட்டியிட இயலாது என்பது இதன் கருத்து. கட்சி மறுத்தது, கலைக்கப்பட்டது. அபேட்சகர் ஒருவரின் கட்டுப்பணம் ஐந்து இலட்சம் கியாட். ஏழைக் கட்சிகளுக்கு அது எட்டாத தொகை. கட்சிகள் வானொலியிற் பேசலாம். ஆனால் பேசப்போவதை முன்கூட்டியே எழுத்திற் கொடுத்து அனுமதி பெற வேண்டும். சிறுபான்மை இனத்தவர் வாழும் மலைநாட்டுக் கிராமங்கள் பலவற்றில் வாக்களிப்பே நடைபெறவில்லை. நவம்பர் 7ஆம் திகதி வாக்குகள் எண்ணப்பட்டபோது, சில தொகுதிகளிற் பின்தங்கி நின்ற ஆளுங்கட்சி அபேட்சகர், முன்கூட்டியே பெறப்பட்ட வாக்குகள் வந்து சேர்ந்ததும் முந்திவிட்டனர் என்று தோற்ற கட்சிகள் முறையிட்டன. முடிவில் படையைச் சார்ந்த கட்சி, போட்டிக்குரிய ஆசனங்களில் நாலில் மூன்று பங்கை வென்றது. ஆறு நாள் கழித்து, நவம்பர் 13ஆம் திகதி, சூ கீ அம்மையார் விடுதலை செய்யப்பட்டார். தேர்தல் முடியும்வரை காத்திருந்த விடுதலை அது.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. இத்தகைய தேர்தலில் நல்லோர் பங்குபற்றலாமா? பங்குபற்றினால் பொய்க்குச் சாட்சியாகின்றனர்; விலகினால் இருக்கும் சிறு வாயிலையும் தாமே அடைக்கின்றனர். 2010இல் தேசிய லீக்கினுள்ளே இரு கருத்தும் இருந்தன. பெரும்பாலோர் விலகினர், ஒரு பிரிவார் பிரிந்து சென்று போட்டியிட்டனர். இரு திறத்தாரும் சிறை கண்டவர்களே. எவரையும் கோழை என்றோ விலைபோனவர் என்றோ சொல்வதற்கில்லை. பின்னர் 2012 ஏப்ரலில் இடைத்தேர்தல் வந்தபோது, சட்டம் சற்றுத் தளர்த்தப்பட, தேசிய லீக் 44 ஆசனங்களுக்குப் போட்டியிட்டு 43ஐ வென்றது. 2015 நவம்பரில் பொதுத் தேர்தல் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு என்ற அந்தப் பெருந்தடையை மக்கள் தாண்டிக் காட்டினர். தேசிய லீக் பெற்ற ஆசனங்கள் 390, வேண்டியிருந்தவை 333. படையினர் அம்முடிவை ஏற்றனர். ஏனெனில், யாப்பு தந்த காற்பங்கும் மூன்று அமைச்சுக்களும் அவர்கள் கையிலேயே இருந்தன.

குடியாட்சிக் காலமும் குறையற்றதாக இருக்கவில்லை என்பதை நடுநிலையோடு கூறவேண்டும். 2010இல் வாக்களித்த ரொஹிங்யா முஸ்லிம்களின் வாக்குரிமை 2015இற் பறிக்கப்பட்டது. 2020இலும் அது மீளவில்லை. அராக்கான் முதலிய பகுதிகள் சிலவற்றில் 2020இல் வாக்களிப்பு நிறுத்தப்பட்டது. இக்குறைகள் சிறியனவல்ல. எனினும், 2020 நவம்பர் 8ஆம் திகதி நடைபெற்ற தேர்தலைப் பார்வையிட்ட உள்நாட்டு, வெளிநாட்டுக் கண்காணிப்பாளர், அதன் முடிவு வாக்காளரின் விருப்பத்தைக் காட்டியதென்றே கூறினர். தேசிய லீக் 396 ஆசனங்களை வென்றது. படையைச் சார்ந்த கட்சி 33. வாக்காளர் இடாப்பிலே ஒரு கோடிக்கு மேற்பட்ட பிழைகள் உண்டென்று படை குற்றஞ்சாட்டியது. 2021 பெப்ரவரி 1ஆம் திகதி, புதிய பாராளுமன்றம் கூட வேண்டிய அன்றைய விடியற்காலையில், சேனாதிபதி மின் ஆங் ஹிலாயிங் ஆட்சியைக் கைப்பற்றினார். ஜனாதிபதி வின் மியின்ற்றும் சூ கீ அம்மையாரும் காவலில் வைக்கப்பட்டனர்.

ஓராண்டுக்கென்று அறிவிக்கப்பட்ட அவசரகால நிலை நான்கரை ஆண்டு நீடித்தது. மக்கள் எதிர்த்தனர். அரசாங்க உத்தியோகத்தர் வேலையை விட்டு வெளியேறினர். பின்னர் அது ஆயுதப் போராக மூண்டது. பல்லாயிரவர் மாண்டனர், முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்து உள்நாட்டிலேயே அகதிகளாயினர். இந்நிலையில், 2025 டிசெம்பர் 28ஆம் திகதியும், 2026 ஜனவரி 11ஆம், 25ஆம் திகதிகளிலுமாக மூன்று கட்டங்களில் மீண்டும் ஒரு பொதுத் தேர்தல் நடத்தப்பட்டது.

முந்திய தேர்தல்களில் எங்கெங்கு இடுக்கு இருந்ததோ, அங்கெல்லாம் இம்முறை அடைப்பு இடப்பட்டதைக் காணலாம். 2012இலும் 2015இலும் தேசிய லீக் வென்றது. ஆகவே அது போட்டியில் இல்லாதபடி செய்யப்பட்டது. 2023இல் வந்த கட்சிப் பதிவுச் சட்டத்தின்படி மீண்டும் பதிய மறுத்த அக்கட்சியும், அதனோடு சேர்த்து மொத்தம் 40 கட்சிகளும், அவ்வாண்டு மார்ச் மாதத்திற் கலைக்கப்பட்டன. சூ கீ அம்மையாருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் ஒருகாலத்தில் மொத்தம் 33 ஆண்டுகளாயின. பின்னர் 27 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டன. தேர்தலுக்கு எதிராகப் பேசுவதும் ஊர்வலம் போவதும் பல ஆண்டுச் சிறைக்குரிய குற்றங்கள் என்று 2025 யூலையில் ஒரு சட்டம் வந்தது. தேர்தலைக் குலைக்கும் செயலால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் மரணதண்டனையும் உண்டு. இருநூறு பேருக்கு மேல் அச்சட்டத்தின்கீழ் வழக்குக்கு உட்பட்டனர். நாட்டின் 330 வட்டாரங்களில் 65இல் வாக்களிப்பே இல்லை. அங்கெல்லாம் போர், அல்லது படையின் ஆணை செல்லாத நிலை.

வாக்களிக்கும் முறையிலும் ஒரு புதுமை. காகிதச் சீட்டுக்குப் பதிலாக, பொத்தானை அழுத்தும் மின் இயந்திரம் வைக்கப்பட்டது. காகிதச் சீட்டிலே ஒருவர் எவரையும் விரும்பாவிடின் குறுக்கே கோடிழுத்து வாக்கைச் செல்லாததாக்கலாம். அடக்குமுறை நாடுகளில் அதுவும் ஒரு பேச்சு. 2018இல் எகிப்தில் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில், ஜெனரலாயிருந்த சிசியை எதிர்த்து நின்ற ஒரேயொருவர் பெற்ற வாக்குகளிலும் செல்லாத வாக்குகளே அதிகம் என்பதை உலகம் கண்டது. பர்மாவிற் புதிதாக வந்த இயந்திரத்திலோ செல்லாத வாக்கை இடவே இயலாது. மறுப்பைத் தெரிவிக்கும் அச்சிறு கோட்டுக்கும் இடமற்றுப் போயிற்று.

எஞ்சியிருந்தது ஒரே வழி, வீட்டிலே இருப்பது. 2015இலும் 2020இலும் வாக்களித்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர். இம்முறை, அதிகாரிகளின் கணக்குப்படியே, வாக்களித்தோர் பாதிக்குச் சற்று மேற்பட்டவரே. வராதவர் எல்லோரும் எதிர்த்தவர் என்று நாம் கொள்ளலாகாது. போருக்கும் வறுமைக்கும் இடையே வர இயலாதவரும் இருந்திருப்பர். அவ்வாறே வந்தவர் எல்லோரும் ஆதரித்தவர் என்றும் கொள்ளலாகாது; வராவிடில் என்ன நேருமோ என்ற அச்சத்தால் வந்தவரும் இருந்திருப்பர். வந்தவரின் மனமும் வராதவரின் மனமும் எவருக்கும் தெரியாதபடி ஆகிவிடுவதே இத்தகைய தேர்தலின் பெருங்கேடு. முடிவு எதிர்பார்த்தபடியே வந்தது. படையைச் சார்ந்த ஐக்கிய ஒற்றுமை அபிவிருத்திக் கட்சி மிகப் பெரும்பாலான ஆசனங்களை வென்றது. தென்கிழக்காசிய நாடுகளின் சங்கமாகிய ஆசியான், தன் பெயராற் கண்காணிப்பாளரை அனுப்பவில்லை.

நேயர்களே, இப்பொழுது முதற் கேள்விக்கு மீள்வோம். இவ்வளவு பாடு எதற்காக? சில காரணங்கள் வெளிப்படையானவை. அயல்நாடுகளோடு வாணிகம் செய்யவும் கடன் பெறவும் சபைகளில் அமரவும் ஓர் 'அரசாங்கம்' தேவை. 'படைச்சபை' என்ற பெயர் அதற்கு உதவாது. உள்நாட்டிலோ, கட்டளையை நிறைவேற்ற வேண்டியவர் எழுதுவினைஞரும் ஆசிரியரும் பொலிசாரும் சாதாரணப் போர்வீரருமே. தாம் ஒரு மனிதனின் விருப்பத்துக்கன்றிச் சட்டத்துக்கே பணிகிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு வேண்டும். துப்பாக்கி ஒருவனைப் பணியச் செய்யும். கடமை என்று எண்ணிப் பணியச் செய்யாது. ஆயிரம் அலுவலகங்களில், மேற்பார்வை இல்லாத வேளையிலும் ஆட்சி நடக்க வேண்டுமானால், அந்த எண்ணம் இன்றியமையாதது. அதனைத் தரக்கூடியது மக்களின் சம்மதம் ஒன்றே என்பதைப் படைத்தலைவர்களும் அறிவர். கள்ள நாணயம் அடிப்பவன், நல்ல நாணயத்துக்கு மதிப்புண்டு என்பதை எவரினும் நன்றாக அறிந்தவன் அல்லனோ?

இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. ஒருதலைப்பட்சமான தேர்தல் வாக்குச்சாவடியிற் செய்யப்படுவதில்லை. யாப்பின் எண்களில், பதிவுச் சட்டத்தின் விதிகளில், நீதிமன்றத்தின் தண்டனைகளில், அச்சகத்தின் மௌனத்தில், பல மாதங்கள், சிலவேளை பல ஆண்டுகள் முன்னரே அது செய்து முடிக்கப்படுகிறது. வாக்களிப்பு நாளிலே வரிசை ஒழுங்காக இருக்கலாம். பெட்டியின் முத்திரை சரியாக இருக்கலாம். எண்ணிக்கையிலும் பிழையில்லாமல் இருக்கலாம். அந்நாளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் பார்வையாளர், வீடு கட்டி முடிந்தபின் வந்து கதவின் வர்ணத்தைப் பார்த்துப் போகிறவரை ஒப்பர்.

ஆகவே, எங்கேனும் ஒரு நாட்டில் படைத்தலைவர் ஒருவர் தேர்தலில் இத்தனை வீதம் வாக்குப் பெற்று வெற்றியடைந்தார் என்று செய்தியிற் கேட்கும்பொழுது, அந்த வீதத்தை மட்டும் கேட்டு அமையலாகாது. சென்ற முறை வென்றவர் இம்முறை போட்டியிட விடப்பட்டாரா? எதிர்த்துப் பேசியவர் இரவில் வீட்டிற் படுத்துறங்க முடிந்ததா? இடாப்பில் எவர் பெயர் விடுபட்டது? எண்ணியவர் எவர், பார்த்து நின்றவர் எவர்? இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆள்வோர் தோற்றிருந்தால் எழுந்து போயிருப்பார்களா? இந்த இறுதிக் கேள்விக்கு 1960இல் பர்மாப் படை 'ஆம்' என்று விடை கூறியது. 1990இலும் 2021இலும் 'இல்லை' என்றது.

எனினும், மக்கள் கூறிய விடை ஒருபோதும் மாறவில்லை. கூடிப் பேச இயலாத 1990இலும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்த 2015இலும், மீண்டும் 2020இலும், உண்மையாகக் கேட்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அவர்கள் உண்மையாகவே விடை பகர்ந்தனர். இனி எப்பொழுதேனும் உண்மையாகக் கேட்கப்படுவார்களானால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது, அவர்களை ஆள்வோருக்குத் தெரியும். தெரிந்தபடியினாற்றான் கேட்க அஞ்சுகிறார்கள்.